தோள் கண்டார் தோளே கண்டார்: ஆண் உடம்பைப் பார்க்கும்போது எதை விட்டுவிடுகிறோம்?

பிசியோ_மதுரை | திங்கள், இரவு 10:42

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். ஒரு விஷயம் மூன்று நாளாக உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினொரு வருடமாகத் தோள்பட்டை, முட்டி, முதுகு இவைதான் என் பிழைப்பு. போன வாரம் ஒருவர் வந்தார். லோடுமேன், வயது நாற்பத்தெட்டு, சுகர் உண்டு. வலது தோள் இறுகிப்போய்க் கை காதுக்கு மேலே ஏறவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர். சட்டையைக் கழற்றினார். முப்பது வருடம் சுமை தூக்கிய உடம்பு, தேக்கங்கட்டை மாதிரி. நான் வழக்கம்போலக் கையைப் பிடித்து உயர்த்தி அசைக்க ஆரம்பித்தேன். அவர் சத்தமே போடவில்லை. ‘நல்லா தாங்குறாரே’ என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தற்செயலாகக் கீழே பார்த்தால் இரண்டு கால் விரல்களும் சுருண்டு போயிருக்கின்றன. கண் ஓரத்தில் தண்ணீர்.

அவருக்கு முன்னால் அதே தொந்தரவோடு ஒரு டீச்சர் அம்மா வந்திருந்தார். அவரிடம் ஒவ்வொரு அசைவுக்கும் ‘வலிக்குதாம்மா’ என்று கேட்டேன். இவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

‘இவருக்கு வலித்தால் என்ன’ என்று நினைத்து நான் அழுத்தவில்லை. அப்படி நினைத்திருந்தால் என்னையே திட்டிவிட்டுப் போயிருப்பேன். நான் நினைப்பதற்கு முன்னாலேயே என் கண்ணும் கையும் முடிவு செய்துவிட்டன, அதுதான் பயமாக இருக்கிறது. ஆண்களைப் பண்டமாகப் பார்ப்பது என்றால் சிக்ஸ்பேக் விளம்பரம் என்றுதான் நினைத்திருந்தேன். இதுவும் அதே வகையா, வேறா?

வேப்பமரத்தடி | திங்கள், இரவு 11:05

எட்டு வருஷம் முன்னாடி எனக்கு முட்டியில பிசியோ பண்ணவங்க இதைக் கண்டிப்பா படிக்கணும்.

நிலாமுற்றம் | செவ்வாய், காலை 7:20

மன்னிக்கணும், கொஞ்சம் கடுமையா எழுதப்போறேன்.

பஸ்ல, ஆபீஸ்ல, கோயில் கூட்டத்துல எங்களை எப்படிப் பார்க்கறாங்கன்னு எழுத ஆரம்பிச்சா முடியாது. அந்த லோடுமேன் ரோட்ல போகும்போது யாரும் அவர் தோளைப் பார்த்து விசில் அடிக்கறதில்ல. ராத்திரி பத்து மணிக்கு நடந்து போக அவர் துப்பட்டாவைச் சரிபண்ண வேண்டியதில்ல. உங்க விஷயத்துல நடந்தது கவனக்குறைவு. அதை ஒத்துக்கிட்டீங்க, நல்லது. அதுக்கு ‘பண்டமாக்கல்’னு பெரிய பேர் எதுக்கு? இப்படி எல்லாத்துக்கும் அந்தப் பேரை வெச்சா, நிஜமாவே பண்டமா நடத்தப்படறவங்களுக்குச் சொல்ல வார்த்தை மிஞ்சாது.

ஏட்டுச்சுரைக்காய் | செவ்வாய், காலை 9:48

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். என் பெயருக்கேற்ற பதிவு இது, பொறுத்தருள்க.

பிசியோ அம்மையார் எழுதியதைப் படித்ததும் கம்பனின் உலாவியற் படலம்தான் நினைவுக்கு வந்தது. மிதிலைத் தெருவில் இராமன் போகிறான், பெண்கள் பார்க்கிறார்கள்.

*தோள்கண்டார் தோளே கண்டார். தொடுகழல் கமல மன்ன*
*தாள்கண்டார் தாளே கண்டார்; தடக்கைகண் டாரும் அஃதே;*
*வாள்கொண்ட கண்ணார் யாரே வடிவினை முடியக் கண்டார்?*

நாற்பது ஆண்டு வகுப்பறையில் இதை இராமனின் அழகுக்கு எடுத்துக்காட்டாகத்தான் சொல்லிவந்தேன். மூன்றாவது அடியில் இருக்கிற கேள்வியை இப்போதுதான் கேள்வியாகவே படிக்கிறேன். யாரே வடிவினை முடியக் கண்டார்? ஒருத்திகூட முழு ஆளைப் பார்க்கவில்லை. தோளில் விழுந்த கண் தோளிலேயே நின்றுவிட்டது. அடுத்த அடியில் கம்பன், ஒவ்வொரு சமயத்தாரும் இறைவனின் ஒவ்வோர் உருவை மட்டும் கண்டு நின்றதைப் போல என்கிறான். கண்ட உறுப்பையே முழுமை என்று கொள்கிற பிழை காதலுக்கும் உண்டு, பக்திக்கும் உண்டு.

ஆணின் உடம்பைப் பெண்கள் பார்ப்பது நம் இலக்கியத்தில் விதிவிலக்கும் அன்று. உலா என்று ஒரு சிற்றிலக்கிய வகையே அதற்காக இருக்கிறது. தலைவன் பவனி வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்தாரும் பார்த்து மயங்குவார்கள். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள்மேல் பாடியிருக்கிறார். 

ஆனால் எனக்கு உறுத்துவது உலா அன்று, கலித்தொகையில் ஏறுதழுவலைப் பாடும் முல்லைக்கலி. *கொல்லேற்றுக் கோடஞ்சு வானை மறுமையும் புல்லாளே ஆய மகள்.* கொல்லும் காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்குலப் பெண் மறுபிறவியிலும் தழுவமாட்டாளாம். காளை குத்திக் குடல் சரிகிற காட்சியும் அதே பகுதியில் வருகிறது. வீரம் என்று மேடையில் முழங்குகிறோம். பரணில் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் பையனின் உடம்பு ஒரு தேர்வுத்தாள்.

நிலாமுற்றம் | செவ்வாய், காலை 10:15

ஐயா, உலாவை நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க. அந்த ஏழு பருவப் பெண்களுக்கும் என்ன ஆகுது? வளை கழலுது, பசலை படருது, தூக்கம் போகுது. ராஜா திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல, யானை மேல போய்க்கிட்டே இருக்கார். ஏழு தரம் பார்க்கப்பட்டும் அவருக்கு ஒண்ணும் குறையல. அப்போ பார்க்கறது மட்டும் பண்டமாக்கல் இல்ல, பார்க்கறவங்க கையில என்ன அதிகாரம் இருக்குங்கறதும் சேரணும்.

முல்லைக்கலி வேற. அது எனக்கும் உறைக்குது. யோசிக்கிறேன்.

கருவிழி | செவ்வாய், மதியம் 1:30

உளவியலில் ஆய்வு மாணவன். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

நிலாமுற்றம் சொல்வதில் அடிப்படை உண்மை இருக்கிறது. பண்டமாக்கல் பற்றிய முக்கியக் கோட்பாட்டை உளவியலாளர்கள் ஃப்ரெட்ரிக்சனும் ராபர்ட்ஸும் 1997இல் பெண்களின் அனுபவத்தை வைத்துத்தான் எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1983இல், பத்திரிகைப் படங்களை அளந்து பார்த்த ஓர் ஆய்வு: ஆண் என்றால் படத்தில் முகம் பெரிதாக இருக்கிறது, பெண் என்றால் உடம்பு. கேமரா பிடிக்கும்போதே பாகம் பிரித்தாகிவிட்டது.

ஆனால் ‘பண்டம்’ என்பது காமப் பார்வை மட்டும் இல்லை. தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் 1995இல் அதை ஏழு கூறுகளாகப் பிரித்தார். அதில் இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று, ஆளைக் கருவியாக வைத்துக்கொள்வது. இன்னொன்று, இவன் இல்லாவிட்டால் அதே மாதிரி வேறொருவன் என்று நினைப்பது. லோடுமேனுக்கு இந்த இரண்டும் தினசரி நடக்கிறது, யாரும் விசில் அடிக்காமலேயே.

இப்போது சுவாரசியமான இடம். 2011இல் கர்ட் கிரே குழுவினர் செய்த ஆய்வில், ஒருவரின் உடம்பில் கவனம் போகும்போது ‘இவருக்கு யோசிக்கிற, தன்னைக் கட்டுப்படுத்துகிற திறன் குறைவு’ என்று பார்க்கிறவர்கள் எடைபோட்டார்கள். கூடவே ‘இவருக்கு உணர்ச்சி, வலி அதிகம்’ என்றும் எடைபோட்டார்கள். ஆளை ஜடமாகப் பார்க்கவில்லை, வேறு வகை மனசு உள்ளவராகப் பார்த்தார்கள். பொறுப்பு குறைவு, காயப்படுவது அதிகம் என்று.

அப்படியானால் சட்டையைக் கழற்றிய லோடுமேனைப் பார்த்ததும் ‘ஐயோ வலிக்குமே’ என்றல்லவா தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. என் ஊகம் இது: பிசியோ பார்த்தது தோலை அல்ல, பலத்தை. ‘செய்கிறவன்’ என்று ஒருவனைப் பார்த்துவிட்டால் ‘வலி படுகிறவன்’ என்று அவனைப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. கிரேயும் வெக்னரும் 2009இல் இதைத்தான் காட்டினார்கள். 2020இல் ரெனால்ட்ஸ் குழுவினர், இந்த ‘செய்கிறவன்’ அச்சில் நாம் ஆணை எவ்வளவு சுலபமாகப் பொருத்துகிறோம் என்று காட்டினார்கள். அதே பாதிப்புக்கு ஆணைவிடப் பெண்ணுக்கு வலி அதிகம் என்று எதிர்பார்க்கிறோம்.

உடனே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் எதிர்த்திசையில் ஒன்று வந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு விரலில் ஊசி குத்துகிற ஒரே வீடியோவைக் காட்டி, பாதிப் பேரிடம் பையன் என்றும் மீதிப் பேரிடம் பெண் என்றும் சொன்னார்கள். ‘பையன்’ என்று கேட்டவர்கள்தான் வலி அதிகம் என்று மதிப்பெண் போட்டார்கள்.

வேப்பமரத்தடி | செவ்வாய், மதியம் 1:41

அது எப்படி? பையன்னா கம்மியாத்தானே போடணும்?

கருவிழி | செவ்வாய், மதியம் 1:52

பையன் சும்மா அழமாட்டான், அவனே கத்துகிறான் என்றால் நிஜமாகவே வலித்திருக்கும் என்கிற கணக்கு. அதாவது அழுதால் நம்புவார்கள். அழாதவனுக்கு வலி இல்லை. அந்த லோடுமேன் அழவில்லையே.

கிரவுண்ட்_மாஸ்டர் | செவ்வாய், இரவு 9:10

போலீஸ் செலக்‌ஷனுக்குப் பையங்களுக்குப் பயிற்சி குடுக்கேன். தெக்கத்திக்காரன். இங்க படிச்சவங்க நிறைய இருக்கிய, என் பங்குக்கு ரெண்டு வார்த்தை.

எங்க தொழிலே உடம்பை அளக்குறதுதான். உயரம் 170 செ.மீ., எஸ்சி எஸ்டிக்கு 167. மார்பு 81, மூச்சை இழுத்தா 5 செ.மீ. விரியணும். 1500 மீட்டரை ஏழு நிமிசத்துல ஓடணும். பெறகு கயிறு ஏறணும். அரை சென்டிமீட்டர் உயரம் குறைஞ்ச பையன் ஒருத்தன் எங்கிட்ட இருந்தான். காலையில எந்திரிச்ச உடனே மனுசன் கொஞ்சம் உயரமா இருப்பான், நேரம் ஆக ஆக முதுகெலும்பு அழுந்திக் குறையும்ல? அதனால அளக்குற அன்னைக்கு வேன்ல அவனை உக்காரவே விடாம படுக்க வச்சே கூட்டிட்டுப் போனோம். இறங்கி நேரா ஸ்கேலுக்கு. பாஸாயிட்டான்.

நான் சொல்ல வந்தது, அளக்குறது எல்லாமே கேவலம் இல்ல. டேப்பு யாரு மவன்னு கேக்காது. எங்க பையங்கள்ல பாதிப்பேரு கூலிக்காரன் மக்க. சிபாரிசு இல்லாதவனுக்கு அந்த டேப்புதான் சிபாரிசு. உடம்பை மட்டும் பாருங்கடே, எங்க சாதியையும் வீட்டையும் பாக்காதியன்னு கேக்குறவனும் இருக்கான். அதையும் சேத்து எழுதுங்க.

ஆனா இந்தப் பதிவைப் படிச்ச பெறகு ஒண்ணு ஒறைச்சுது. முப்பது பேரு இருக்கானுவ. நான் எவனையும் பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல. ‘ஏல எழுபத்தொம்பது’ன்னா மார்பு பத்தாதவன். ‘கயிறு’ன்னா கயிறு ஏற முடியாதவன். அவனுவளும் ஒருத்தனை ஒருத்தன் அப்படித்தான் கூப்பிடுதானுவ. குறையுற அளவுதான் பேரு. இன்னைக்குச் சாயங்காலம் ஒருத்தன்கிட்ட பேரைக் கேட்டேன். ‘என்ன சார், தப்பு பண்ணிட்டேனா?’ங்கான்.

ஏட்டுச்சுரைக்காய் | செவ்வாய், இரவு 9:34

மாஸ்டர், உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வள்ளுவர் ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்றார், சிறிய உருவத்தைப் பார்த்து இளப்பமாக நினைக்காதே, பெரிய தேருக்கு அச்சாணி சிறியதுதான் என்று. சிறிய உருவத்துக்குச் சொன்னார். பெரிய உருவத்தைப் பார்த்து ‘இதற்கு ஒன்றும் ஆகாது’ என்று நினைப்பதும் ஒருவகை எள்ளல்தானே என்று தோன்றுகிறது. உரைகாரர்கள் யாரும் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. என் சொந்தச் சரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுப்பொடியன் | புதன், அதிகாலை 2:17

இப்ப இருக்கிறது ஐரோப்பாவில. ஊர் யாழ்ப்பாணம். தோள் எண்டு தலைப்பைப் பாத்திட்டு வந்தனான்.

எங்கட காலத்தில பொடியனாப் பிறந்தா தோள் ஒரு சாட்சி. செக்பொயின்ரில மறிச்சு, சேட்டைக் கழட்டு எண்டு சொல்லுவாங்கள். தோளில துவக்குப் பட்டி அழுத்தின அடையாளம் இருக்கோ, முழங்கையில, முழங்காலில தவண்டு பயிற்சி எடுத்த காய்ப்பு இருக்கோ எண்டு பாப்பாங்கள். தழும்பு ஒண்டு இருந்தா அது ஷெல் காயமோ, சைக்கிளால விழுந்ததோ எண்டு நீ விளங்கப்படுத்த வேணும். கேக்கிறவனுக்கு உன்ர பாஷை தெரியாது. அப்ப அவன் உன்ர வாயைப் பாக்கமாட்டான், தோலைத்தான் பாப்பான்.

என்ர கூட்டாளி ஒருத்தன் மேசன்மாரோட வேலைக்குப் போனவன். சீமெந்துப் பை தூக்கித் தூக்கித் தோள் காய்ச்சுப் போய்க் கிடந்தது. ஒரு பை 50 கிலோ. அந்தக் காய்ப்பைத் துவக்குக் காய்ப்பு எண்டு சொல்லி இறக்கிக்கொண்டு போனவங்கள். பதினேழு நாளுக்குப் பிறகு விட்டவங்கள். அவன் அதுக்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டிலயும் கோயிலிலயும் சேட் கழட்டினதில்லை. நல்லூருக்குப் போனாலும் வெளிவீதியோட நிண்டிடுவான், உள்ள போகேக்க ஆம்பிளையள் சேட் கழட்ட வேணுமெல்லோ.

அம்மாமார் இரவில பிள்ளையளின்ர முழங்கையில தேங்காயெண்ணை பூசித் தேய்ச்சுவிடுவினம், காய்ப்பு கரையட்டும் எண்டு. இயக்கத்தோட ஒரு தொடர்பும் இல்லாத பிள்ளையளுக்கும்தான். என்ர அம்மாவும் செய்தவ.

அக்கா நிலாமுற்றம், அந்த வீதியில பெம்பிளையளுக்கு நடந்தது எனக்குத் தெரியும். அதை இதோட நிறுக்க வரேல்லை. ஆமிக்காரன் கண்ணுக்கு நான் ஒரு வயசும் ஒரு தோளும் மட்டும்தான். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

நிலாமுற்றம் | புதன், காலை 6:58

தம்பி, படிச்சேன். நிறுத்துப் பார்க்க எனக்கும் ஒண்ணும் இல்ல.

நேத்து எழுதினதுல ஒரு பாதியைத் திருத்திக்கறேன். ‘அதிகாரம் சேரணும்’னு சொன்னேன் இல்லையா, அந்த அளவுகோல்படியே பார்த்தா செக்போஸ்ட்டும் சரி, பிசியோ கட்டிலும் சரி, பார்க்கறவங்க கையிலதான் அதிகாரம் இருக்கு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கல, ஆனா அளவுகோல் ஒண்ணுதான். விசில் விஷயத்துல நான் சொன்னதுல மாற்றம் இல்ல.

சும்மாஇரு_சொல்லற | புதன், காலை 8:30

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது]

வேப்பமரத்தடி | புதன், காலை 8:44

நீக்கினது நல்லது. காலங்காத்தால ‘ஆம்பளைங்க சங்கம்’னு ஆரம்பிச்சுட்டார்.

மேன்ஹோல் | புதன், காலை 11:26

எல்லாரும் கண்ணைப் பத்தியே பேசறீங்க. மூக்கைப் பத்தி நான் சொல்றேன்.

கழிவுநீர் ஒப்பந்த வேலையில கொஞ்ச காலம் மேற்பார்வையாளரா இருந்தேன், விட்டுட்டேன். 2013 சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளைச் சாக்கடைக்குள்ள இறக்கக்கூடாதுன்னு சொல்லுது. இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் தரணும்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமாக்குச்சு. சாவு நிக்கல. உள்ளே இறங்கிச் சாகறது கிட்டத்தட்ட எல்லாமே ஆம்பளைங்க.

அந்த வாயு இருக்கே, ஹைட்ரஜன் சல்பைடு, அது முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். பத்து லட்சத்துல நூறு பங்கைத் தாண்டினா மூக்கு மரத்துப்போயிடும். வாடை போயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு உள்ளே இருக்கறவன் நினைக்கிற நேரத்துலதான் சாவு. மேலே நிக்கிற நமக்கு நேர் எதிர். நமக்கு மூக்கு நல்லா வேலை செய்யுது, அதனால அந்தப் பக்கமே பார்க்கறதில்ல. மூடியைத் திறந்த உடனே தெருவுல ஜன்னல் ஒண்ணொண்ணா சாத்துவாங்க. ஒரு வீட்டுல தண்ணி கேட்டோம். பழைய பாட்டில்ல குடுத்து ‘திருப்பித் தர வேண்டாம்’னாங்க. நல்ல குணம்தான் அவங்களுக்கு, தண்ணி குடுத்தாங்களே.

இறங்கினவரோட முகம் அந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. இடுப்புல கயிறு கட்டின ஒரு உடம்பு. நாளைக்கு வேற உடம்பு.

கருவிழி | புதன், மதியம் 1:35

துர்நாற்றம், அருவருப்பு இருந்தால் மனிதர்கள் அறத் தீர்ப்பைக் கடுமையாக்குகிறார்கள் என்று 2008இல் ஓர் ஆய்வு பிரபலமாயிற்று. 2015இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது அந்த விளைவு மிகச் சிறியது, வெளிவராத முடிவுகளையும் கணக்கில் எடுத்தால் இல்லையென்றே சொல்லலாம் என்றார்கள். ஆகவே ‘நாற்றம் மனசைக் கெடுக்கிறது’ என்று நான் எழுத மாட்டேன். நீங்கள் சொல்கிற ஜன்னல் சாத்துவது வேறு. அங்கே தீர்ப்பே நடப்பதில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஆளே பார்வையில் படாமல் போகிறார்.

மேன்ஹோல் | புதன், மதியம் 2:03

மூக்கு தனியா முகர்றதில்ல தம்பி. சாதியும் சேர்ந்துதான் முகருது. அதே தெருவுல மாட்டுச்சாணி நாத்தத்துக்கு எவனும் ஜன்னல் சாத்தல.

பிசியோ_மதுரை | வெள்ளி, இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. தீவுப்பொடியன், உங்கள் பதிவை நான் இரண்டு முறை பாதியில் நிறுத்தித்தான் படித்து முடித்தேன்.

இன்று அவர் மறுபடி வந்தார். வருவாரோ மாட்டாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, வைத்தியம்னா வலிக்கத்தானே செய்யும்’ என்றார். சரி, பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க அண்ணே, பத்துன்னா தாங்கவே முடியாத வலி என்றேன். கூட வந்திருந்த இன்னொரு லோடுமேனைப் பார்த்தார், ‘ரெண்டு’ என்றார். கூட வந்தவரை டீ சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ராத்திரி எட்டு. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா ஒம்பது’ என்றார். ஏழு மாதமாக உட்கார்ந்தபடியே தூங்குகிறாராம்.

பழைய காலத்துச் சாக்கு மூட்டை 75 கிலோ தூக்கியிருக்கிறார், சில நாள் 100. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே ஓர் ஆளுக்கு 55 கிலோ உச்சம் என்று பரிந்துரைத்திருக்கிறது என்று சொன்னேன். ‘அது யாரு தூக்கிப் பாத்துச் சொன்னாக?’ என்று சிரித்தார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நிலாமுற்றம் கவனக்குறைவு என்றார், நானும் மனசுக்குள் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று சிகிச்சையை மாற்றி எழுதுவதற்காகப் போன வாரத்து சார்ட்டை எடுத்தேன். வலி அளவு என்ற கட்டத்தில் ‘3’ என்று இருக்கிறது. என் கையெழுத்து. அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவே இல்லை.

வேப்பமரத்தடி | வெள்ளி, இரவு 10:31

மேடம், மதுரைல எந்தப் பக்கம்? எங்கப்பாவுக்குத் தோள் நாலு மாசமா தூக்க முடியல. கேட்டா வலிக்கலைங்கறார். தனியா பேசணும்னா நான் வெளிய நின்னுக்கறேன்.